ஈகாரம் தொலைந்த கதை

மட்டாஞ்சேரியில் மீன் இல்லை என்று ஒருவர் சொன்னால் நாம் நகைப்போம். சென்ற ஆண்டு ஒரு நாள் என் கணிப்பொறி எனக்கு அப்படித்தான் சொல்லிற்று. மீன் மட்டும் அன்று. நீர் இல்லை, வீடு இல்லை, தீ இல்லை. மிளகு இருந்தது, ஏலம் இருந்தது, இஞ்சி இருந்தது, சீரகம் இல்லை. இத்தனைக்கும் ‘ஈரம்’ என்ற சொல் மட்டும் ஈரம் உலராமல் அப்படியே இருந்தது. இந்தப் புதிரை விடுவிக்க எனக்கு மூன்று இரவுகள் ஆயின. அந்த மூன்று இரவுகளில் கற்றதைத் தமிழ் மாணவத் தோழர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம்முள் பலர் ஆய்வுக்காகப் பெரும் பெரும் கோப்புகளைக் கையாள்கிறோம். அவற்றிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கும் கலை, எத்துறையினருக்கும் பயன்படுவது.

முதலில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். மட்டாஞ்சேரியில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் முதியோர் சிலரிடம் சென்று, அவர்கள் இவ்வூருக்கு வந்த வரலாற்றைக் கேட்டு எழுதினோம். நாற்பத்தொரு நினைவுரைகள் சேர்ந்தன. கேட்டது தமிழில், ஆனால் அவர்கள் பேச்சில் மலையாளம் கலந்திருந்தது, அதை மலையாள எழுத்திலேயே எழுதினோம். எங்கள் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. கையால் எழுதியதைக் கணிப்பொறியில் ஏற்றியதும் தாள்களைப் பழைய தாள் வாங்குபவரிடம் போட்டுவிட்டோம். அது முதல் தவறு.

அந்த உரைகளில் வரும் தமிழ்ச் சொற்களையெல்லாம் எண்ணிப் பட்டியலிட வேண்டும் என்பது என் ஆசை. இவ்வூரில் வழங்கி, எங்கள் தலைமுறையில் மறைந்துகொண்டிருக்கும் சொற்கள் எவை என்று அப்பட்டியல் காட்டும் அன்றோ? மலையாள நண்பர் ஒருவர், தம் மேக் கணிப்பொறியில் இரண்டு கோப்புகளை வைத்து ஒரு கட்டளையை ஆக்கித் தந்தார். அங்கே அது செவ்வையாக வேலை செய்தது. அதே கட்டளையை ஓர் எழுத்தும் மாற்றாமல் என் லினக்ஸ் கணிப்பொறியில் இட்டேன். நாற்பத்தொரு கோப்புகளையும் அதனால் தூய்மை செய்து, தூய்மை செய்ததைப் பழையதன் மேலேயே வைத்தேன். அது இரண்டாம் தவறு. பிறகு சொற்பட்டியலைத் திறந்து பார்த்தேன். மகரத்திற்கும் னகரத்திற்கும் நடுவே, ஈகாரம் இருக்க வேண்டிய இடத்தில், கறுப்புக் கட்டத்துள் ஒரு கேள்விக்குறி நின்றது.

உரை தந்தவர்களுள் ஒரு பாட்டி அதற்குள் காலமாகியிருந்தார். மீண்டும் சென்று கேட்க வழியில்லை.

1. முறமும் சல்லடையும்

என் பெற்றோர் தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்தவர்கள். அம்மா, பஜார் ரோட்டுக் கிடங்கு ஒன்றில் சுக்கு புடைத்துத் தரம் பிரிக்கிறார். சலிப்பது, புடைப்பது, பொறுக்குவது என்று மூன்று வேலைகள் அங்கே உண்டு. ஒவ்வொருவரும் ஒரு வேலையையே செய்வர். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் சரக்கு போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் தூய சரக்கு மூட்டையாகும்.

யூனிக்ஸ் என்னும் இயங்குமுறையின் தத்துவமும் இதுவே. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் அதைத் தொடங்கினர். ஒரு சிறு கருவி ஒரு வேலையை நன்றாகச் செய்ய வேண்டும். ஒன்று வெளியிடுவதை மற்றொன்று வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படிக் கருவிகளை இணைக்கும் ‘குழாய்’ 1973இல் வந்தது. அதை வற்புறுத்திக் கேட்டவர் டக் மெக்கில்ராய். செய்து தந்தவர் தாம்சன்.

அக்கருவிகளுள் நமக்கு வேண்டியவை சில. பெயர்களை ஒலிப்பின்படி இங்கே தருகிறேன். பொறியில் இடும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடுக.

‘கிரெப்’ என்பது பொறுக்குபவர். நாம் ஒரு வாய்பாட்டைச் சொன்னால், அதற்குப் பொருந்தும் வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். வாய்பாடு என்றதும் அஞ்ச வேண்டா. தேமா, புளிமா என்று யாப்பில் நாம் படித்ததே. தேமா என்பது ஒரு சொல் அன்று; அந்த அமைப்புடைய எல்லாச் சீர்களுக்கும் அச்சு. கிரெப்பின் வாய்பாடும் அத்தகையதே.

‘செட்’ என்பது வரிதோறும் திருத்திச் செல்பவர். இதை எடு, அதை வை என்றால் செய்யும். ‘ஆக்’ என்பது வரியைப் பகுதிகளாகப் பிரித்துக் கணக்கும் பார்க்கும் கணக்கப்பிள்ளை. 1977இல் ஆகோ, வைன்பர்கர், கெர்னிகன் என்ற மூவர் ஆக்கியது, அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளையே பெயராகக் கொண்டது. ‘டி.ஆர்.’ என்பது ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாக மாற்றவோ நீக்கவோ செய்யும் சல்லடை. ‘சார்ட்’ வரிசைப்படுத்தும், ‘யூனிக்’ அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளை ஒன்றாக்கி எண்ணும்.

இவற்றின் ஆற்றலுக்கு ஒரு சான்று உண்டு. 1986இல், ஒரு நூலிலுள்ள சொற்களை எண்ணி, மிகுதியாக வருபவற்றைப் பட்டியலிடும் நிரல் ஒன்றை டொனால்டு நூத் என்னும் பேரறிஞர் விரிவாக எழுதி வெளியிட்டார். அதைத் திறனாய்ந்த மெக்கில்ராய், அவ்வேலையையே ஆறு வரிகளில், இருக்கின்ற கருவிகளைக் குழாயால் இணைத்துச் செய்து காட்டினார். நண்பர் எனக்குத் தந்த கட்டளை, அந்த ஆறு வரிகளின் வழிவந்ததே.

2. பெயர் ஒன்று, கண் வேறு

பின் ஏன் பழுதாயிற்று? ஒரே பெயருடைய சல்லடைக்கு எல்லாக் கிடங்கிலும் ஒரே அளவுக் கண் இருப்பதில்லை. ‘டி.ஆர்.’ என்ற பெயர் மேக்கிலும் உண்டு, லினக்ஸிலும் உண்டு. ஆனால் மேக்கிலிருப்பது பி.எஸ்.டி. மரபில் வந்தது, என் லினக்ஸிலிருப்பது க்னூ மரபினது. பெயர் ஒன்றாயினும் செய்தவர் வேறு.

இந்த வேற்றுமையைக் கட்டுக்குள் கொண்டுவரவே ‘போசிக்ஸ்’ என்னும் பொதுவிதி எழுந்தது. அதன் முதற்பகுதி 1988இலும், கட்டளைகளைப் பற்றிய பகுதி 1992இலும் வெளிவந்தன, 2024இல் புதுப்பிக்கப்பட்டது. எக்கருவி எதைச் செய்தே தீர வேண்டும் என்று அது சொல்கிறது. அதற்கு மேல் ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்குச் சேர்த்தவை பல. அவை இனியவை, ஆனால் ஊர் மாறினால் உதவாதவை. சிலவற்றைக் காண்போம்.

கோப்பை அதன் இடத்திலேயே திருத்தும் குறி ஒன்று செட்டுக்கு உண்டு. சிறுகோட்டின் பின் ஐ என்ற ஆங்கில எழுத்து. க்னூவில் அதை மட்டும் இட்டால் போதும். மேக்கிலோ அதன்பின் காப்புப் படியின் பின்னொட்டு ஒன்றைத் தந்தாக வேண்டும், வேண்டாவிடின் வெற்று மேற்கோளாவது இட வேண்டும். இல்லையேல் அடுத்து வரும் கட்டளையையே பின்னொட்டு என எடுத்துக்கொண்டு மயங்கும். இக்குறி அந்தப் பொதுவிதியில் இல்லாதது. எனவே அதை விட்டுவிடுக.

ஒன்றோ பலவோ எனக் காட்டும் கூட்டற்குறியைச் சாதாரண வாய்பாட்டில் பின்சாய்கோட்டோடு இடுவது க்னூவின் வழக்கம். அதை எல்லா இடத்திலும் நம்ப முடியாது. விரிந்த வாய்பாடு வேண்டுமென்று கிரெப்பிடம் பெரிய ‘இ’ குறியால் சொல்லிவிட்டுச் சாய்கோடின்றி இடுவதே பொதுமுறை. பெர்ல் மொழி வாய்பாடுகளை ஏற்கும் பெரிய ‘பி’ குறி க்னூ கிரெப்பினுடையது. மேக்கில் வேலை செய்யாது. ஆக் கருவியின் ‘ஜென்சப்’ என்னும் மாற்றுவினை பொதுவிதியில் இல்லாதது, எல்லா ஆக்கிலும் நிகழாது.

ஆக்கில் ஒரு வரியின் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்ட வேண்டுமா? ‘மேட்ச்’ என்ற வினை, வாய்பாடு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற இரண்டையும் சொல்லும். அவ்விரண்டையும் ‘சப்ஸ்ட்ர்’ என்ற வினைக்குக் கொடுத்தால் துண்டு கைக்கு வரும். இது பொதுவிதியில் உள்ளது. இதில் ஒரு நயமும் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று க்னூ ஆக்கைக் கேட்டால் 5 என்கிறது. லினக்ஸ் சிலவற்றில் இயல்பாகவே அமைந்துள்ள ‘மாக்’ என்னும் ஆக்கைக் கேட்டால் 15 என்கிறது. விடைகள் வேறுபட்டாலும், தொடக்கத்தையும் நீளத்தையும் ஒவ்வொன்றும் தன் ஒரே கோலால் அளப்பதால், வெட்டு பிழைபடுவதில்லை. நாமாக ஓர் எண்ணைக் கையால் எழுதி வெட்டினால்தான் கை வெட்டுப்படும்.

3. மூன்று, ஐந்து, பதினைந்து

‘தமிழ்’ என்பதில் எழுத்து எத்தனை? மூன்று என்று பள்ளிச் சிறுவனும் சொல்வான். பொறியோ ஐந்து என்கிறது, பதினைந்து என்கிறது. எது மெய்? மூன்றும் மெய்யே. என் பிழையின் வேரும் இங்கேதான் இருந்தது.

தமிழெழுத்து அச்சேறிய தொடக்க ஊர்களுள் கொச்சியும் ஒன்று என்பதை நாம் மறக்கலாகாது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று; அடுத்த ஆண்டே கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ அச்சாயிற்று. இரண்டும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் போர்த்துகீசியப் பாதிரியாரின் முயற்சி. அச்சுக்கூடத்தில் எழுத்து என்பது கையில் எடுக்கத்தக்க ஈயத்துண்டு. கணிப்பொறியில் எழுத்து என்பது எண்.

யூனிகோடு என்னும் உலகப் பொதுமுறை, தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியுள்ளது. அதில் நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் இல்லை. த என்பதற்கு ஓர் எண்; மி என்பதற்கு மகரமும் இகரக்குறியுமாக இரண்டு; ழ் என்பதற்கு ழகரமும் புள்ளியுமாக இரண்டு. ஆக ஐந்து. இவ்வெண்களைக் கோப்பில் எழுதிவைக்கும் முறைகளுள் இன்று பெருவழக்காக உள்ளது யு.டி.எஃப்.-8. 1992ஆம் ஆண்டு செப்டம்பரில், நியூ ஜெர்சியின் உணவு விடுதி ஒன்றில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கென் தாம்சன் இதனை வகுத்தார். உடனிருந்தவர் ராப் பைக். இம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். ஐந்து மும்மூன்று பதினைந்து.

தமிழ்க் குறிகளின் முதற்பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128 முதல் 191 வரை ஒன்று. அண்டை வீட்டு மலையாளத்திற்கும் முதற்பைட்டு 224தான். இரண்டாவது மட்டும் 180 அல்லது 181. ஒரே தெருவின் கதவெண்கள் போல, இவ்விரு மொழிகளும் பொறிக்குள்ளும் அருகிலேயே இருக்கின்றன.

இப்போது குற்றவாளியைக் காண்போம். நண்பரின் கட்டளையில் முதல் வேலை, வளைந்த இரட்டை மேற்கோள்குறிகளை நீக்குவது. “ என்னும் குறியின் பைட்டுகள் 226, 128, 156. ” என்னும் குறியின் பைட்டுகள் 226, 128, 157. மேக்கின் டி.ஆர்., இவை இரண்டு எழுத்துகள் என்று அறிந்து அவ்விரண்டையே நீக்கிற்று. என் பொறியின் டி.ஆர். பைட்டை மட்டுமே அறியும். அது என் கட்டளையை எப்படிப் புரிந்துகொண்டது தெரியுமா? ‘226, 128, 156, 157 என்னும் நான்கு பைட்டுகளையும் எங்குக் கண்டாலும் ஒழித்துவிடு’ என்று.

ஈகாரக் குறியின் பைட்டுகள் 224, 175, 128. அந்த 128 போயிற்று. மீனும் நீரும் வீடும் தீயும் சீரகமும் முறிந்தன. ஜகரத்தின் பைட்டுகள் 224, 174, 156. அதுவும் முறிந்தது. சொல்லின் முதலில் தனித்து நிற்கும் ஈ என்ற உயிரெழுத்தின் கடைசிப் பைட்டு 136. ஆகவே அது பிழைத்தது. ஈரம் உலராத மருமம் இதுதான்.

மாணாக்கரின் இயல்பைச் சொல்லும் நன்னூல், முதல் மாணாக்கனுக்கு அன்னத்தையும், கடை மாணாக்கனுக்கு நெய்யரியையும் உவமை கூறுகிறது. அன்னம் பாலைப் பிரித்துக் கொள்ளும். நெய்யரியோ நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும். என் கட்டளை அன்று நெய்யரியாயிற்று. கருவி மீது குற்றமில்லை. தான் பைட்டை மட்டுமே அறிவேன் என்று அதன் கையேடு வெளிப்படையாகச் சொல்கிறது. படிக்காதவன் நான்.

4. மீட்பு

முதல் இரவில் செய்வதறியாது இருந்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவருக்குக் கணிப்பொறி தெரியாது, ஆனால் கேட்டார்: “ஏல, மூட்டையப் பிரிக்கதுக்கு முன்ன ஒரு பிடி மாதிரி எடுத்து வைக்க மாட்டியா? மாதிரி இல்லாம எத வச்சு ஒத்துப் பாப்ப?” கிடங்கில் படித்தவர் அவர், பல்கலைக்கழகத்தில் படிப்பவன் நான்!

இரண்டாம் இரவில் ‘ஓ.டி.’ என்னும் கருவியால் கோப்பின் பைட்டுகளை எண்களாக வரிசையிட்டுப் பார்த்தேன். முறிந்த இடங்களில் 224, 175 என்ற இரண்டும் நின்றன, மூன்றாவது இல்லை. அங்கே எது இருந்திருக்கும்? ஒழிக்கப்பட்டவை நான்கு பைட்டுகளே. அவற்றுள் 226 மூன்றாம் இடத்திற்கு வராது. 175இன் பின் 156 அல்லது 157 வருமாயின் அவ்விடங்களில் தமிழில் எழுத்தே கிடையாது. எஞ்சுவது 128 ஒன்றே. எனவே இருந்தது ஈகாரக் குறிதான், ஐயமில்லை. அவ்வாறே 224, 174 என்று முறிந்து நிற்கும் இடமெல்லாம் ஜகரமே. வேறு எழுத்து நிற்க இடமில்லை.

இதைக் கண்ட போது டாக்டர் உ.வே. சாமிநாதையரை நினைத்தேன். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அப்பெருமகனாருக்குக் கிடைத்த ஏடுகள் பூச்சி அரித்தவை, ஒடிந்தவை. ஏட்டில் மெய்க்குப் புள்ளி இடும் வழக்கமும் இல்லை. இவ்விடத்தில் எவ்வெழுத்து இருக்க முடியும், எது இருக்க முடியாது என்று படி பல ஒப்பிட்டு ஓர்ந்து பாடம் கண்டார் அவர். நான் செய்தது அதில் கடுகளவும் இல்லை. எனினும் வழி அதுவே.

மூன்றாம் இரவில் மீட்டேன். பொறியின் மொழிச்சூழலை ‘சி’ என்று அமைத்தேன். எல்.சி. ஆல் என்னும் மாறிக்கு அம்மதிப்பைக் கொடுத்தால், எழுத்தென ஒன்றும் கருதாமல் எல்லாவற்றையும் பைட்டாகவே கருவிகள் காணும். பிறகு செட்டிடம் சொன்னேன்: 224, 175 என்பதன் பின், 128 முதல் 191 வரையுள்ள பைட்டு அல்லாத ஒன்று வந்தால், நடுவே 128ஐச் செருகு, வரி அங்கேயே முடிந்தாலும் செருகு. ஜகரத்திற்கும் அவ்வாறே. இந்தப் பைட்டுகளை எண்மக் கணக்கில் எழுத, எக்கணிப்பொறியிலும் ஒருபடித்தான ‘பிரிண்ட்எஃப்’ கட்டளை உதவிற்று. மீன் துள்ளி வந்தது. நீர் வந்தது. வீடு வந்தது.

மலையாளப் பகுதிகளில் ஈகாரம் இதே வழியில் மீண்டது. ஆனால் அம்மொழியின் ஜகரத்திற்கு 156, அதன் மூச்சொலி இணைக்கு 157. இரண்டும் ஒழிந்திருந்தமையால் எது என்று பைட்டைக் கொண்டு சொல்ல இயலவில்லை. நண்பர் ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்தித் தந்தார்.

ஒரு நுட்பமான இடர் எஞ்சியிருந்தது. காலமான பாட்டியின் உரையில் ‘ந௦’ என்று ஓரிடம். தமிழ் எண் சுழியம் அங்கே ஏன் வந்தது? யாரும் தமிழ் எண்களை இடவில்லையே! எண்ணிப் பார்த்தேன். அங்கே இருந்தது ‘நீ…’ என்பது. முப்புள்ளிக் குறியின் பைட்டுகள் 226, 128, 166. முதலிரண்டும் ஒழிய 166 மட்டும் நின்றது. அது ஈகாரத்தின் எஞ்சிய 224, 175 என்பவற்றோடு ஒட்டிக்கொண்டு, முழுமையான ஒரு பொய்யெழுத்து ஆயிற்று. முறிந்த எழுத்தைப் பொறியே காட்டிக்கொடுக்கும். முறியாமல் மாறிய எழுத்தைக் கண்கொண்டு படிப்பவனே காண்பான். தம் கணவர் கப்பலேறிய நாளைச் சொல்லி வந்த பாட்டி, ‘நீ’ என்று தொடங்கி மேலே சொல்ல முடியாமல் நிறுத்திய இடம் அது. அந்த மூன்று புள்ளிகளை நான் மறுபடியும் இட்டேன்.

எல்லாம் மீண்டதா என்றால், இல்லை. மேற்கோள்குறிகள் போனவை போனவையே. அவற்றைத்தான் நானே நீக்கச் சொன்னேனே! பாட்டி தம் தாயார் சொன்னதை அப்படியே எடுத்துச் சொன்ன பகுதிகளில், எது மகள் கூற்று, எது தாய் கூற்று என்று இன்று சில இடங்களில் விளங்கவில்லை. அந்த வரிகளை நாங்கள் ஐயக்குறியோடு வைத்திருக்கிறோம்.

5. செய்முறை

இனி, இவ்வேலையை எக்கணிப்பொறியிலும் பழுதின்றிச் செய்யும் முறையைத் தொகுத்துரைக்கிறேன்.

முதலில் மூலத்தின் படி ஒன்றை எடுத்து வேறிடத்தில் வைத்து, எழுத முடியாதபடி பூட்டுக. வெளிவருவதை எப்போதும் புதுப்பெயரில் எழுதுக.

இரண்டாவது, கோப்பு நலமாக உள்ளதா என்று ‘ஐகான்வ்’ கருவியால் சோதிக்க. யு.டி.எஃப்.-8 இலிருந்து யு.டி.எஃப்.-8க்கே மாற்றச் சொன்னால், முறிந்த எழுத்து உள்ள இடத்தில் அது பிழை காட்டும். வேலைக்கு முன்னும் பின்னும் இதைச் செய்க.

மூன்றாவது, ஒரே எழுத்து இரு வகையாக எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்க. ‘கொ’ என்பதில் ஒகரக் குறியை ஓர் எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு ஓர் எண், கால் ஓர் எண் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, கிரெப்புக்கு வேறு. ‘கொச்சி’ என்று தேடினால் பாதி கொச்சி அகப்படாமற் போகலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்தால் ஒகரம், இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்தால் ஓகாரம் எனச் செட்டால் ஒன்றாக்குக. ஔகாரத்தில் மட்டும் எச்சரிக்கை. சிலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு ஔகாரம் என விட்டுவிடுவர். அதை மொத்தமாக மாற்றப் புகுந்தால் ‘வெள்ளை’ கெட்டுவிடும்.

நான்காவது, மேற்கோள்குறி போன்ற பல பைட்டுக் குறிகளை நீக்க டி.ஆரை நாடாதீர்கள். செட்டிடம், “ என்னும் குறியை வெற்றாக மாற்று என்று தனியாகவும், ” என்னும் குறியைத் தனியாகவும் சொல்லுங்கள். சதுர அடைப்புக்குள் இரண்டையும் சேர்த்து இடாதீர்கள். அடைப்புக்குள் இட்டால் அது தொகுதி. பைட்டு மட்டும் அறிந்த கருவி தொகுதியைச் சிதறடித்துவிடும். தனியாக இட்டால் அது தொடர். மூன்று பைட்டுகளும் அவ்வரிசையில் வந்தாலொழிய ஒன்றும் நடவாது.

ஐந்தாவது, இடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய ஆங்கில மரபுக் குறிகளை வரிமுறிவாக்கிச் சொற்களைப் பிரிக்க டி.ஆர். முற்றிலும் ஏற்றது. யு.டி.எஃப்.-8 முறையில் தமிழெழுத்தின் எந்தப் பைட்டும் 128க்குக் குறையாது. அக்குறிகளோ 128க்குக் குறைந்தவை. ஆகவே மோதல் இல்லை. மாற்றெழுத்துப் பட்டியல் குறைவாக இருந்தால் என் செய்வது என்பதில் மட்டும் பழைய யூனிக்ஸ்கள் வேறுபட்டன. சதுர அடைப்புக்குள் வரிமுறிவுக் குறியும் உடுக்குறியும் இட்டால் எங்கும் ஒன்றே.

ஆறாவது, சொற்கள் வரிக்கு ஒன்றாக வந்தபின் தமிழ்ச் சொற்களை மட்டும் எடுக்க, ‘சி’ சூழலில் கிரெப்பிடம், 224ஐ அடுத்து 174 அல்லது 175 உள்ள வரி வேண்டும் என்க. 180, 181 உள்ள மலையாளம் தானே விலகிக்கொள்ளும்.

ஏழாவது, அதே ‘சி’ சூழலில் சார்ட், பிறகு எண்ணும் குறியோடு யூனிக், மறுபடி எண்வரிசைக்கு ஒரு சார்ட். இரு கருவிகளுக்கும் ஒரே சூழல் இருத்தல் இன்றியமையாதது. இவ்வரிசை நெடுங்கணக்கு வரிசை அன்று என்பதையும் நினைவிற் கொள்க. யூனிகோட்டில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கும்.

உரையில் தலைப்புக் குறித்த வரி மட்டும் வேண்டுமாயின் இவ்வளவும் வேண்டா. ‘ஊர்:’ என்று தொடங்கும் வரிகளில் அச்சொல்லை நீக்கி எஞ்சியதை மட்டும் தா என்று செட்டிடம், சும்மா அச்சிடாதே என்னும் சிறிய ‘என்’ குறியோடு சொன்னால், நாற்பத்தொருவர் ஊர்களும் ஒரு நொடியில் நிரலாக வந்துவிடும். இது மேக்கிலும் லினக்ஸிலும் சிறு கருவிகளில் உள்ள பிஸிபாக்ஸிலும் ஒன்றுபோல் இயங்கும்.

பயிற்சிக்கு நூல் வேண்டுவோர் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை நாடலாம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய தன்னார்வப் பணி அது. சங்க நூல் ஒன்றை இறக்கி, படி எடுத்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள சொற்களை எண்ணிப் பாருங்கள். பிறகு நண்பர் பொறியிலும் அதே கட்டளையை இட்டு, இரு விடைகளையும் ‘சி.எம்.பி.’ கொண்டு ஒப்பிடுங்கள். ஒரு பைட்டும் வேறுபடாதிருந்தால் நீங்கள் கட்டளையை அறிந்தீர்கள். வேறுபட்டால், அறிய வேண்டியது எங்கே இருக்கிறது என்பதை அறிந்தீர்கள்.

தோழர்களே, ஊர் விட்டு ஊர் வந்தவர் நாம். பிறந்த ஊரில் செல்லுபடியான வழக்கம் எல்லாம் வந்த ஊரில் செல்லுவதில்லை என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். எங்கும் செல்லுவதை அறிந்து அதில் காலூன்றியதால்தான் அவர்கள் இங்கு நிலைத்தார்கள். கட்டளைகளும் அப்படியே. என் பொறியில் நடந்தது என்பது போதிய சான்று அன்று. எங்கும் நடக்கும் என்பதற்கு விதி காட்ட வேண்டும், ஒப்பிட்டும் காட்ட வேண்டும்.

எங்கள் சொற்பட்டியல் இப்போது முடிந்துவிட்டது. அதில் மீன் இருக்கிறது. நாற்பத்தொரு மூலக் கோப்புகளின் படிகள் மூன்று இடங்களில் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. மட்டாஞ்சேரியில் இன்னும் கேட்டு எழுத வேண்டிய முதியோர் பலர் உளர். வர விரும்புவோர் சங்க அறையில் பெயர் கொடுங்கள். கையால் எழுதிய தாளை இனி எவரும் விற்க மாட்டோம்.